சாய்சிம்: ஒரு கீரையின் அறிவியலும் தமிழின் சொல்லும்



மொழியியல் சார்ந்த ஒரு பொழிவுக்குக் கீரையைப் பொருளாகக் கொண்டது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். கம்பனையோ தொல்காப்பியனையோ எதிர்பார்த்து வந்தவர்களும் இருக்கக்கூடும். தொல்காப்பியர் இப்பொழிவின் பிற்பகுதியில் வருவார். அதற்கு முன் தேக்காச் சந்தையிலும் அதை அடுத்த பஃபலோ சாலைக் கடைகளிலும் கட்டுக் கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஒரு பச்சைக் கீரையைப் பற்றிப் பேசுவோம். பருத்த இளந்தண்டும், நீள்வட்ட இலைகளும், நுனியில் மஞ்சள் மொட்டுகளும் கொண்ட அக்கீரையைச் சிங்கப்பூரில் ‘சாய்சிம்’ என்கிறோம்.

நம் வீடுகளில் பூண்டும் வெங்காயமும் சேர்த்து வதக்கி அதை உண்கிறோம். ஆயினும் அது எத்தகைய செடி, ஏன் பூக்கிறது, அதை மேம்படுத்த ஆய்வாளர்கள் என்ன செய்கிறார்கள் என்பனவற்றைத் தமிழில் சொல்லுமாறு கேட்டால் நம்முள் பலர் தயங்குவோம். அத்தயக்கம் நம் மொழியின் குறைபாட்டால் வந்ததா, பயன்படுத்தாமையால் வந்ததா என்பதே இன்று நாம் ஆராயவிருக்கும் வினா. அதற்கு விடை காண, முதலில் அறிவியலைத் தமிழில் சொல்லிப் பார்ப்போம். சொல்லும்போது எந்த இடத்தில் சொல் கிடைக்கிறது, எந்த இடத்தில் கிடைக்கவில்லை என்பது தானே புலப்படும்.

பெயர்களின் பயணம்

‘சாய்சிம்’ என்பது ஹொக்கியன், தியோச்சியூ மொழியினர் வாயிலாக நம்மிடம் வந்த ஒலிவடிவம். கண்டனீயர் இதனைச் ‘சொய்சம்’ என்பர், மாண்டரினில் ‘சாய்சின்’. மூன்றுக்கும் எழுத்து ஒன்றே, பொருளும் ஒன்றே. முதற்சொல் கீரை அல்லது காய்கறி. இரண்டாவது சொல் நெஞ்சம், நடுப்பகுதி. ‘கீரையின் குருத்து’ என்று நாம் பொருள்கொள்ளலாம். செடியின் நடுவிலிருந்து எழும் இளந்தண்டே இதன் சிறந்த உணவுப் பகுதி என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

மலாய் மொழியில் இவ்வகைக் கீரைகளுக்குச் ‘சாவி’ என்று பெயர். அம்மொழியில் கடுகு விதையும் ‘பிஜி சாவி’, அதாவது சாவியின் விதை எனப்படுகிறது. கடுகும் இக்கீரையும் உறவினர் என்பதை மலாய் மொழி தன் சொல்லமைப்பிலேயே பதிந்து வைத்திருக்கிறது. தமிழில் கடுகு என்றால் நமக்குத் தாளிக்கும் விதைதான் நினைவுக்கு வரும். தென்னாட்டுச் சமையலில் கடுகின் இலைக்கு அத்துணை இடம் இல்லாமையால், விதையையும் கீரையையும் இணைக்கும் சொல் நம்மிடம் உருவாகவில்லை. ஒரு சமூகம் எதை உண்கிறதோ அதற்கேற்பவே அதன் சொற்கள் கிளைக்கின்றன.

தாவரவியலாரும் இதற்குப் பெயரிட்டனர். அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1922ஆம் ஆண்டில் இதனைப் பிராசிகா பாராசைனென்சிஸ் என்ற தனி இனமாக விவரித்தார். பின்வந்தோர், இது தனி இனமன்று, பிராசிகா ராப்பா என்னும் இனத்தின் ஒரு வகையே என்று வகைப்படுத்தினர். நாம் பக்சோய் என்று வாங்கும் கீரை, நீண்டு உருண்ட சீன முட்டைக்கோசு, மேனாட்டாரின் டர்னிப் கிழங்கு, வட இந்தியாவில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் மஞ்சள் சர்சோன் ஆகிய யாவும் இந்த ஒரே இனத்துள் அடங்கும். ஒன்றில் இலையையும், ஒன்றில் கிழங்கையும், ஒன்றில் விதையையும், சாய்சிம்மில் பூந்தண்டையும் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தமையால் ஓரினம் இத்தனை உருவங்களைக் கொண்டது.

கடுகோடு உள்ள உறவு

இவ்வுறவைத் தெளிவாக்கியவர் நாகஹாரு யூ. கொரியத் தந்தைக்குப் பிறந்து ஜப்பானில் ஆய்வு நடத்திய அவரைக் கொரியர் ஊ ஜாங்சுன் என்பர். 1935ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரத்தை ஒரு முக்கோணமாக வரைந்து காட்டலாம். முக்கோணத்தின் மூன்று முனைகளில் மூன்று மூல இனங்கள் நிற்கின்றன. பிராசிகா ராப்பாவின் பாலணுவில் 10 குரோமோசோம்கள், கருங்கடுகில் 8, முட்டைக்கோசு, பூக்கோசு ஆகியவற்றின் இனத்தில் 9. இவற்றுள் இரண்டிரண்டு இணைந்து பக்கங்களில் மூன்று புதிய இனங்கள் இயற்கையில் தோன்றியுள்ளன.

அம்மூன்றில் ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. ராப்பாவின் பத்தும் கருங்கடுகின் எட்டும் கூடிப் பதினெட்டாகி உருவானதே, இந்தியாவில் பெருமளவில் விளையும் பழுப்புக் கடுகு. ஆகவே நம் அடுப்பங்கரையில் வெடிக்கும் கடுகின் மரபுத்தொகுதியில் பாதி, சாய்சிம்மின் இனத்திலிருந்து வந்தது. சங்க இலக்கியத்தில் ‘ஐயவி’ என வழங்கப்பெற்ற வெண்சிறுகடுகை, புண்பட்ட வீரனைக் காக்கப் புகைத்த வழக்கத்தை நாம் அறிவோம். அத்துணைப் பழைய உறவுடைய ஒரு குடும்பத்தின் கிளையைத்தான் சீனர் கடையில் வாங்குகிறோம். அயற்கீரை என்று நாம் எண்ணும் ஒன்று, அறிவியலின் கண்ணில் நம் அஞ்சறைப் பெட்டியின் உறவினர்.

2011ஆம் ஆண்டில் சீன முட்டைக்கோசின் ஒரு வகையைக் கொண்டு பிராசிகா ராப்பாவின் மரபணுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 41,000 மரபணுக்கள் அதில் இனங்காணப்பட்டன. மிக நெடுங்காலத்துக்கு முன் இக்குலத்தின் மூதாதையில் மரபணுத்தொகுதி மும்மடங்காகப் பெருகியதை அவ்வாய்வு உறுதிசெய்தது. மும்மடங்கான படிகளுள் பல பின்னர் அழிந்தன. எஞ்சியவை புதிய வேலைகளை ஏற்றன. ஓரினத்திற்குள் இத்தனை வடிவங்கள் தோன்றியதற்கு இப்பெருக்கமும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

தண்டு ஏறுதல்

முட்டைக்கோசு பயிரிடுவோர்க்குச் செடி பூத்துவிட்டால் இழப்பு. இலைகள் கசந்து, தண்டு நீண்டு, தலை உருளாமற் போகும். சாய்சிம் பயிரிடுவோர்க்கோ பூந்தண்டு எழுவதே விளைச்சல். முதற்பூ மலரும் தறுவாயில் அறுப்பர். சில நாள் தாழ்ந்தால் தண்டில் நார் ஏறிவிடும். எனவே ‘எப்போது பூக்கும்’ என்ற வினாவே இக்கீரையின் ஆய்வில் நடுவிடம் பெறுகிறது.

குளிர்நாட்டுப் பிராசிகாக்களில் பல, பூப்பதற்கு முன் சில வாரம் குளிரில் இருந்தாக வேண்டும். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று செடி அறிந்துகொள்ளும் வழி அது. தமிழகப் பாடநூல்கள் இதனைத் ‘தட்பப்பதனம்’ என்று அழைக்கின்றன. இதில் முதன்மையான பங்கு எஃப்எல்சி என்ற மரபணுவுக்கு உரியது. அது பூப்பதைத் தடுத்து நிறுத்தும் பூட்டுப்போல் செயல்படுகிறது. நீண்ட குளிர் அப்பூட்டைத் திறக்கிறது. சோதனைச் செடியான அராபிடாப்சிஸில் அது ஒன்றே; மரபணுப் பெருக்கத்தின் விளைவாகப் பிராசிகா ராப்பாவில் அதற்கு நான்கு படிகள் உள்ளன. அப்படிகளின் வலிமை வகைக்கு வகை வேறுபடுவதால் பூக்கும் காலமும் வேறுபடுகிறது.

சாய்சிம்முக்குக் குளிரின் தேவை மிகக் குறைவு. விரைவில் முதிரும் வகைகள் குளிரே இன்றிப் பூக்கின்றன. தென்சீனத்தின் வெம்மையான பகுதிகளில் உழவர்கள் குளிரை வேண்டாத செடிகளையே தொடர்ந்து தேர்ந்து விதை எடுத்ததன் பயன் இது. விரைவகை, இடைவகை, பின்வகை என மூன்றாகப் பிரித்து ஆண்டு முழுவதும் பயிரிடும் முறையும் அங்குதான் வளர்ந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டி, ஆண்டெல்லாம் ஏறத்தாழ 12 மணி நேரப் பகலும் குறையாத வெப்பமும் உள்ள நம் தீவில், விதைத்து முப்பது நாற்பது நாளில் இக்கீரை அறுவடைக்கு வருவதற்கும் அவ்வுழவர்களின் கண்ணே காரணம்.

ஆனால் இதிலேயே ஓர் இடரும் உண்டு. வெப்பம் மிகுந்தால் செடி தன் இலைகளைப் பெருக்குமுன் அவசரமாகப் பூத்துவிடும். தண்டு மெலியும், எடை குறையும், நார் மிகும். ஆகவே மேம்படுத்துவோர் நாடும் பண்புகள் ஒன்றோடொன்று முரண்படுவன. குளிரின்றிப் பூக்கவும் வேண்டும். மிக விரைந்து பூக்கவும் கூடாது. தண்டு பருக்கவும் வேண்டும், முற்றவும் கூடாது. ஜிப்ரெல்லின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் தண்டு நீள்வதை எவ்வாறு தூண்டுகின்றன, எந்த மரபணுக்கள் பூக்கும் நேரத்தை முடிவு செய்கின்றன என்ற ஆய்வுகள் யாவும் இச்சமநிலையைத் தேடுவனவே.

இங்கு நாம் சற்று நின்று சொல்லை நோக்குவோம். செடி பூவெடுத்து நீள்வதை ஆங்கிலப் பாடநூல் ஒரு கலைச்சொல்லால் குறிக்கிறது. கீரைத் தோட்டத்து மக்கள் ‘கீரை தண்டு ஏறிவிட்டது’, ‘பூவெடுத்து முற்றிவிட்டது’ என்பர். ‘தண்டு ஏறுதல்’ என்பதைக் காட்டிலும் தெளிவான கலைச்சொல்லை எக்குழு கூடி ஆக்க முடியும்?

விதையும் வீரியமும்

சாய்சிம் பூவில் நான்கு மஞ்சள் இதழ்கள் குறுக்கு வடிவில் அமைந்திருக்கும். மகரந்தத்தாள் ஆறு, நான்கு நெடியன, இரண்டு குறியன. கடுகுக் குடும்பத்தின் அடையாளம் இது. ஒரே பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருப்பினும், தன் மகரந்தத்தால் தான் கருவுறுவதை இச்செடி பெரும்பாலும் ஏற்பதில்லை. சூலகமுடி தன் மகரந்தத்தை அடையாளம் கண்டு அது முளைப்பதைத் தடுத்துவிடுகிறது. இதனைத் ‘தற்பொருந்தாமை’ எனலாம். தேனீக்கள் வேற்றுச்செடியின் மகரந்தத்தைக் கொணர்ந்தால்தான் விதை செம்மையாகப் பிடிக்கும்.

இயற்கைக்கு இது நன்மை; செடிகளின் பன்மை காக்கப்படுகிறது. பயிர் மேம்படுத்துவோர்க்கு இது தடையுமாகும், வாய்ப்புமாகும். நல்ல செடி ஒன்றின் பண்புகளை மாறாமல் நிலைநிறுத்த அதனைத் தன் மகரந்தத்தாலேயே கருவுறச் செய்ய வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி, பூ மலருமுன் மொட்டைப் பிரித்துக் கையால் மகரந்தம் இடுவது. மொட்டுப் பருவத்தில் அத்தடை இன்னும் முதிர்ந்திருப்பதில்லை. இவ்வாறு நிலைநிறுத்திய இரண்டு தூய வரிசைகளைக் கலந்தால் பெற்றோரை விஞ்சும் கலப்பின வீரியம் கிடைக்கிறது.

ஆயிரமாயிரம் பூக்களைக் கையால் கலக்க இயலாது. ஆகவே மகரந்தம் உண்டாகாத தாய்ச்செடிகள் தேவைப்பட்டன. ஜப்பானிய ஆய்வாளர் ஒகுரா 1968ஆம் ஆண்டில் முள்ளங்கியில் கண்டறிந்த ஆண்மலட்டுத் தன்மை இதற்குக் கைகொடுத்தது. தாய்வழியாக மட்டுமே கடக்கும் அப்பண்பு பின்னர்ப் பிராசிகாக்களுக்குள் கொண்டுவரப்பட்டு, இன்று கலப்பின விதை ஆக்கத்தில் பரவலாகப் பயன்படுகிறது. சாம்பாரில் இடும் முள்ளங்கியும் இக்குடும்பத்தினதே.

நிலம் குறைந்த நாட்டில்

சிங்கப்பூர் தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி செய்கிறது. வேளாண்மைக்கு உரிய நிலம் நாட்டின் பரப்பில் ஒரு விழுக்காடு அளவே. 2019ஆம் ஆண்டில், 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிக்கும் இலக்கு அறிவிக்கப்பட்டது. செலவும் எரிசக்தி விலையும் பண்ணைகளை நெருக்கியதையடுத்து, 2025ஆம் ஆண்டின் இறுதியில் அது மாற்றப்பட்டது. காய்கறிகள் உள்ளிட்ட நார்ச்சத்துணவில் 20 விழுக்காடு, புரதவுணவில் 30 விழுக்காடு, அதுவும் 2035ஆம் ஆண்டுக்குள் என்பது புதிய இலக்கு. கிட்டுவதற்கு எளிதன்று என்பதை இம்மாற்றமே காட்டுகிறது. விரைந்து வளர்வதும் மக்கள் நாளும் வாங்குவதுமான சாய்சிம் போன்ற கீரைகள் இம்முயற்சியில் முன்வரிசையில் நிற்கின்றன.

திறந்த பாத்தியில் இதற்கு இரு பகைகள். ஒன்று, இலையைக் கிழித்து மண்ணைத் தெறிக்கும் பெருமழை. மற்றொன்று வைரமுதுகு அந்துப்பூச்சி. கடுகுக் குடும்பத்தின் காரத்திற்குக் காரணமான குளுகோசினோலேட் பொருள்கள் பல பூச்சிகளை விரட்டும். இந்த அந்துப்பூச்சியோ அவற்றையே அடையாளமாகக் கொண்டு வந்து முட்டையிடும். மருந்துகளை வெல்வதிலும் அது முதன்மையானது. 1953ஆம் ஆண்டிலேயே ஜாவாவில் அது டிடிடி மருந்தை எதிர்த்து நிற்பது பதிவாயிற்று. உயிரி மருந்தான பிடி நுண்ணுயிர்க் கரைசலையும் வயல்வெளியில் எதிர்க்கத் தொடங்கிய முதற்பூச்சி அதுவே. 1990ஆம் ஆண்டில் ஹவாயிலிருந்து அச்செய்தி வெளியாயிற்று. மருந்தை மட்டுமே நம்பிப் பயனில்லை என்பதை உலகுக்கு உணர்த்திய பூச்சி என்று இதனைச் சொல்லலாம். வலைக்கூடங்களும், அப்பூச்சியின் புழுவுக்குள் முட்டையிடும் சிறு குளவிகளும், பயிர்ச்சுழற்சியும் இணைந்த முறைகள் இவ்வகையில்தான் முதன்மை பெற்றன.

நிலக்குறைக்கு விடையாக மேல்நோக்கி வளர்க்கும் முறை வந்தது. 2012ஆம் ஆண்டில் லிம் சூ காங்கில் வணிக அளவில் தொடங்கிய ஸ்கை கிரீன்ஸ் பண்ணையில், ஒன்பது மீட்டர் உயரச் சட்டங்களில் அடுக்கடுக்கான தொட்டிகள் மெல்லச் சுழன்று மாறி மாறி வெயில் பெற்றன. அங்கு விளைந்தவற்றுள் சாய்சிம்மும் ஒன்று. அதற்கும் முன்னரே, 1990களில், தேசியக் கல்விக் கழகத்தில் பேராசிரியர் லீ சிங் கோங் வளிவளர்ப்பு முறையை ஆராய்ந்தார். வேர்கள் மண்ணிலும் நீரிலும் இன்றிக் காற்றில் தொங்கும். ஊட்டக்கரைசல் பனிபோல் அவற்றின்மீது தெளிக்கப்படும். வேரை மட்டும் குளிர்வித்து, இலைகள் நம் வெப்பத்திலேயே இருக்குமாறு செய்து, குளிர்நாட்டு லெட்டூசை இங்கு விளைவிக்க வழிகண்டார். சாய்சிம்முக்கு அத்தகைய குளிர்ச்சி வேண்டுவதில்லை என்பதே இவ்வெப்ப நாட்டில் அதன் சிறப்பு.

தழைச்சத்தைக் காணும் ஒளி

இப்போது இப்பொழிவின் நடுப்பொருளுக்கு வருகிறோம். கீரை என்பது இலை. இலைக்கு நைட்ரஜன் இன்றியமையாதது. குறைந்தால் முதிய இலைகள் முதலில் மஞ்சளாகும். ஏனெனில் செடி அவற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து இளங்குருத்துக்கு அனுப்புகிறது. மஞ்சள் நிறம் நம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் விளைச்சல் ஏற்கெனவே குறைந்துவிடும். மிகுதியாக இட்டாலோ செலவு வீணாகும். எஞ்சியது நீர்நிலைகளைக் கெடுக்கும். ஒளி குறைந்த இடத்தில் இலைக்குள் நைட்ரேட்டாகத் தேங்கவும் செய்யும். எனவே உரிய நேரத்தில் உரிய அளவை அறிவதே தேவை. இலையை அரைத்து வேதிமுறையில் சோதித்தால் அறியலாம். ஆனால் சோதித்த இலை பிழைக்காது, நேரமும் ஆகும்.

சிங்கப்பூர்-எம்ஐடி ஆய்வு, தொழில்நுட்பக் கூட்டமைப்பின் துல்லிய வேளாண்மைக் குழுவினரும் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்தினரும் இணைந்து 2020ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட கீரைகள் இரண்டு: பக்சோய், சாய்சிம். லேசர் ஒளியை இலையின்மீது பாய்ச்சினால் பெரும்பகுதி மாற்றமின்றிச் சிதறும். மிகச் சிறுபகுதி மட்டும், இலையிலுள்ள மூலக்கூறுகளின் அதிர்வுக்கேற்பத் தன் அலைநீளம் மாறித் திரும்பும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அம்மாற்றம் தனித்தன்மையுடையது. நைட்ரேட்டுக்கு அது சென்டிமீட்டருக்கு 1046 என்ற அலை எண்ணில் ஒரு கூர்முகடாகத் தெரிகிறது. செடிக்கு நைட்ரஜன் குறைந்தால் அம்முகடு தாழ்கிறது. அதுவும் இலை மஞ்சளாகுமுன்பே தாழ்கிறது. இலையைக் கவ்விப் பிடிக்கும் சிறு கருவி ஒன்றையும் அக்குழுவினர் அமைத்தனர். இலையைப் பறிக்காமல், செடியை வருத்தாமல் பண்ணையிலேயே அளக்கும் வழி இவ்வாறு திறந்தது.

இம்முறைக்குப் பெயர் ராமன் நிறமாலையியல். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டில் பிறந்த சர் சி. வி. ராமன், 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் கொல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவே இதன் அடித்தளம். 1930ஆம் ஆண்டில் அதற்காக அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. காவிரிக்கரையில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு, சிங்கப்பூர்ப் பண்ணையில் சீனக் கீரையின் பசியை அளக்கிறது. இதைக் கேட்டு நாம் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால் ராமன் தமிழ் மண்ணில் பிறந்தார் என்பதால் மட்டும் தமிழுக்கு ஆக்கம் வந்துவிடாது. அவர் கண்டதை நம் மாணவர் தமிழில் விளக்கும்போதே அது தமிழின் செல்வமாகும்.

விளக்குவதற்குச் சொல் உண்டா? நைட்ரஜன் என்ற தனிமத்தை வேளாண் தமிழ் எவ்வாறு அழைக்கிறது என்று பாருங்கள்: ‘தழைச்சத்து’. பாஸ்பரஸ் ‘மணிச்சத்து’, பொட்டாசியம் ‘சாம்பல்சத்து’. தழையை வளர்ப்பது, மணியைப் பிடிக்கச் செய்வது, சாம்பலிலிருந்து கிடைப்பது என்று ஒவ்வொரு பெயரும் ஒரு பாடத்தைத் தன்னுள் கொண்டிருக்கிறது. கீரைக்கு எந்தச் சத்து முதன்மையாக வேண்டும் என்று கேட்டால், ‘நைட்ரஜன்’ என்ற சொல் விடை தராது. ‘தழைச்சத்து’ என்ற சொல்லே விடையாகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிராங்கூன் சாலையில் கூடும் தமிழகத் தொழிலாளர்களுள் உழவுக் குடும்பங்களிலிருந்து வந்தோர் பலர். அவர்களுக்கு இச்சொல் வீட்டுச்சொல். இங்குப் பிறந்து உயிரியலில் சிறந்த மதிப்பெண் பெறும் நம் மாணவருக்கோ இது புதிய சொல். ஒருவரிடம் சொல்லும் பட்டறிவும் உண்டு. மற்றவரிடம் ஆய்வறிவு உண்டு. இருவரும் பேசிக்கொள்ளப் பொதுவான தமிழ் இல்லையேல், இரு அறிவும் தனித்தனியே நின்றுவிடும். வீட்டில் பாட்டிக்கும் பேரனுக்கும் இடையே நேர்வதும் இதுவே.

அயற்சொல்லை எவ்வாறு ஏற்பது

இனி, கீரையின் பெயருக்கு வருவோம். ‘சாய்சிம்’ தமிழன்று, எனவே புதுப்பெயர் வேண்டும் என்பார் சிலர். ‘பூத்தண்டுக் கடுகுக்கீரை’ போன்ற பெயரை நாமும் ஆக்கலாம். விளக்கமாக அது நன்று. கடைக்காரரிடம் கேட்டால் அவருக்கு விளங்காது.

தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். அயல்நிலத்திலிருந்து வருவன திசைச்சொல். நன்னூலார் அந்நிலங்களின் எல்லையைத் தமிழ் வழங்காத பிற நாடுகளுக்கும் விரித்தார். அந்நாடுகளை எண்ணிச் சொல்லும் உரைமரபில் சீனமும் சாவகமும் கடாரமும் இடம்பெறுகின்றன. ஆகவே சீனரிடமிருந்து வந்த ஒரு பெயருக்கு நம் இலக்கணம் எப்போதோ இருக்கை இட்டுவிட்டது.

ஒலியமைப்பிலும் அது தமிழுக்கு இணங்குகிறது. சகரம் ஆகாரத்தோடு மொழிமுதலில் வரும். மகரம் மொழியிறுதியில் வரும். ‘சாய்’ என்றே ஒரு கோரைப்புல்லுக்குச் சங்ககாலப் பெயர் உண்டு. இடர் ஒன்றுதான்: வேற்றுமை உருபு ஏற்கும்போது ‘சாய்சிம்மை’, ‘சாய்சிம்முக்கு’ என்பன சற்றே தடுக்கும். அதற்கும் மரபில் தீர்வு இருக்கிறது. மாமரம், சாரைப்பாம்பு என்பனபோல், சிறப்புப்பெயரோடு பொதுப்பெயரை இணைத்துச் ‘சாய்சிம் கீரை’ என்று இருபெயரொட்டாக்கினால் உருபுகள் கீரையின்மேல் ஏறிக்கொள்ளும். பொருளும் தெளிவாகும்.

பெயரை மேலிருந்து மாற்றினால் என்னாகும் என்பதற்குத் தேக்காவே சான்று. ‘சிறுமூங்கிலின் அடி’ எனப் பொருள்படும் ஹொக்கியன் தொடரிலிருந்து வந்த பெயர் அது. 1980களில் சந்தை புதிய கட்டடத்திற்கு மாறியபோது, அப்பெயரின் மாண்டரின் ஒலிவடிவமாகிய ஜூஜியாவ் என்பது அதற்கு இடப்பட்டது. எழுத்தும் பொருளும் ஒன்றாயினும் மக்கள் நாவில் அது ஒட்டவில்லை. 2000ஆம் ஆண்டில் ‘தேக்கா’ என்ற பெயரே அதிகாரபூர்வமாகத் திரும்பியது. நாமும் தேக்காவைத் தமிழ்ச்சொல்போலவே வழங்குகிறோம்.

இலங்கைத் தமிழர் முட்டைக்கோசைக் ‘கோவா’ என்பர். போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல் என்பர் அறிஞர். தமிழகத்தார் ‘முட்டைக்கோசு’ என்பர். குரோமோசோமை இலங்கைப் பாடநூல்கள் ‘நிறமூர்த்தம்’ என்றன. தமிழகத்தில் ‘நிறப்புரி’ என்றும் ‘குரோமோசோம்’ என்றும் வழங்குகிறது. இவ்வேறுபாட்டைக் கண்டு நாம் கலங்க வேண்டுவதில்லை. எச்சொல்லையும் மூன்று வினாக்களால் சோதிப்போம். மக்கள் நாவில் ஏற்கெனவே உள்ளதா? பொருளின் இயல்பையோ செயலையோ காட்டுகிறதா? வாக்கியத்தில் தடையின்றி இயங்குகிறதா? ‘சாய்சிம் கீரை’ முதல் வினாவிலும் மூன்றாவதிலும் வெல்கிறது. ‘தழைச்சத்து’ மூன்றிலும் வெல்கிறது. ‘தட்பப்பதனம்’ இரண்டாம் வினாவில் வெல்கிறது. அதனை நாவுக்குக் கொண்டுவருவது ஆசிரியர் கையில் இருக்கிறது.

வகுப்பறைக்கு ஒரு வேண்டுகோள்

‘அறிவியலை ஆங்கிலத்தில் கற்கும் மாணவருக்குத் தமிழில் இவையெல்லாம் எதற்கு?’ என்று கேட்கலாம். நியாயமான வினா. தமிழ் வகுப்பு உயிரியலை மீண்டும் நடத்த வேண்டியதில்லை. ஆனால் கற்றதைத் தாய்மொழியில் விளக்கத் தெரியாத மாணவர், தமிழைப் பண்டிகைக்கும் மேடைக்கும் உரிய மொழியாகவே எண்ணத் தொடங்குவார். அவ்வாறு சுருங்கிய மொழி தேர்வுத்தாளோடு முடிந்துபோகும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஓர் எளிய செயல்திட்டத்தை முன்வைக்கிறோம். பள்ளித் தோட்டத்தில் மூன்று தொட்டிகளில் சாய்சிம் விதையுங்கள். ஒன்றுக்கு முழு ஊட்டம்; ஒன்றுக்குத் தழைச்சத்து நீங்கலான ஊட்டம்; ஒன்று முழு ஊட்டத்தோடு நிழலில் இருக்கட்டும். நாள்தோறும் மாணவர் நான்கு வரி தமிழில் எழுதட்டும். நெஞ்சுருவில் வித்திலைகள் விரிவதையும், முதல் இலை எழுவதையும், எத்தொட்டியில் முதிய இலை முதலில் மஞ்சளாகிறது என்பதையும், நிழற்செடி ஒளியைத் தேடி நெடிதாவதையும், தண்டு ஏறி மொட்டு விடுவதையும் அவர்கள் பதியட்டும். முப்பது நாற்பது நாளில் கீரையும் கிடைக்கும், குறிப்பேடும் நிறையும். ஒரு பள்ளிப் பருவத்துக்குள் விதை முதல் பூ வரை காட்டும் பயிர்கள் பல இல்லை.

அக்குறிப்பேட்டை மாணவர் வீட்டுப் பெரியவரிடம் படித்துக் காட்டட்டும். ‘இதை நாங்கள் இப்படிச் சொல்வோம்’ என்று அவர் திருத்தினால், அச்சொல்லையும் எழுதிக்கொள்ளட்டும். எந்த அகராதியும் தொகுக்காத சொற்கள் அவ்வழியில் நமக்குக் கிடைக்கும்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இவ்வுரையில் மரபணுவும் ஒளிச்சிதறலும் கலப்பின வீரியமும் பேசினோம். சில இடங்களில் அயற்சொல்லை ஏற்றோம். பல இடங்களில் உழவர் சொல்லே போதுமாயிருந்தது. மொழியிடம் குறையில்லை. நாளும் உண்ணும் கீரையைப் பற்றி நாளும் தமிழில் பேசுவதொன்றே நாம் செய்ய வேண்டியது.